ரோமா மக்கள் பற்றிய கலை: "ஐயோ பாவம்" தாண்டி என்ன காட்டலாம்?

கேள்வி:
கலை வரலாறு கற்பிக்கிறேன். சமூக ஒதுக்கல் பற்றிய பாடத்துக்கு ஐரோப்பாவின் ரோமா மக்களை (மற்றவர்கள் "ஜிப்சி" என்று அழைத்தவர்கள்) எடுத்துக்கொண்டேன். படம் தேடினால் சேற்றுத் தெரு, கிழிந்த சட்டை, கேமராவையே வெறிக்கும் குழந்தை. பெரும்பாலும் வெளியாட்கள் எடுத்தவை. மாணவர்கள் "ஐயோ பாவம்" சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார்கள். ரோமாக்களே படைத்தவற்றில் எதிலிருந்து தொடங்கலாம்?

பதில் 1:
மவ்கொஷாதா மிர்கா-தாஸ். போலந்தின் சார்னா குரா ஊர்க்காரர். நாடுகள் தனித்தனி அரங்கு வைக்கும் சர்வதேசக் கலைக் கண்காட்சியான வெனிஸ் பியனாலேயில், 2022இல் போலந்து அரங்கு முழுவதும் அவருடைய வேலைதான். அதற்கு முன் எந்த நாடும் தன் அரங்கை ஒரு ரோமா கலைஞரிடம் கொடுத்ததில்லை. நான் அதை நேரில் பார்த்தேன். எனக்குத் தையல் தொழில் என்பதால் கண் முதலில் துணிக்குத்தான் போனது. 12 பெரிய ஒட்டுத்துணிப் படங்கள். உறவினரும் தெரிந்தவர்களும் உடுத்திய பாவாடை, சட்டை, பழைய திரைச்சீலை எல்லாம் அதில் இருக்கின்றன. தொட்டுப் பார்க்கக் கை துறுதுறுத்தது, காவலர் விடுவதாக இல்லை.

படங்கள் மூன்று அடுக்காக இருக்கும். இத்தாலியின் ஃபெராரா நகரில் ஸ்கிஃபனோயா மாளிகையின் சுவரோவியங்களிலிருந்து எடுத்த அமைப்பு அது. நடு அடுக்கில் ராசிச் சின்னங்களோடு பெண்கள், கீழே சார்னா குராவின் அன்றாட வாழ்க்கை. நீங்கள் கட்டாயம் காட்டவேண்டியது மேல் அடுக்கை. 17ஆம் நூற்றாண்டில் ஜாக் கல்லோ என்ற பிரெஞ்சுக்காரர் செய்த அச்சுப்படங்களில் ரோமாக்கள் கந்தலும் கள்ளத்தனமுமாக ஊர் ஊராகப் போவார்கள். மிர்கா-தாஸ் அதே பயணத்தை எடுத்துக்கொண்டு, ஆட்களுக்குப் பூப்போட்ட துணி உடுத்திவிட்டார். பாவம் என்று சொல்ல அங்கே யாரும் இல்லை.

பதில் 2:
அழகுதான், ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். நாஜிகள் காலத்தில் கொல்லப்பட்ட ரோமாக்களுக்காக இதே கலைஞர் வடிவமைத்த மர நினைவுச்சின்னம் போலந்தின் பொஜென்சினில் 2011இல் வைக்கப்பட்டது. 2016இல் அதை உடைத்துப்போட்டார்கள். வெனிஸில் கைதட்டல், ஊரில் இந்த நிலை. இரண்டையும் ஒரே வகுப்பில் சொல்லுங்கள். ஒதுக்கல் பழங்கதை இல்லை என்பதற்கு இன்னொன்று: செக் நாட்டின் ஒஸ்த்ராவாவில் 18 ரோமா பிள்ளைகளை, கற்றல் குறைபாடு உள்ளவர்களுக்கான சிறப்புப் பள்ளிக்குத் தள்ளியது பாகுபாடு என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2007இல்தான் தீர்ப்புச் சொன்னது.

சோகம் வேண்டாம் என்று சாயா ஸ்டோய்காவை விட்டுவிடாதீர்கள். ஆஸ்திரியக்காரர். சிறுமியாக ஆஷ்விட்ஸ், ராவன்ஸ்ப்ரூக், பெர்கன்-பெல்சன் என்ற மூன்று நாஜி முகாம்களிலும் இருந்து பிழைத்தவர். ஐம்பது வயதைக் கடந்த பிறகுதான் வரையத் தொடங்கினார், பல நேரம் விரலாலேயே. முகாம் படங்களோடு சூரியகாந்திப் பூக்களும் வரைந்தார்.

பதில் 1:
அந்த நினைவுச்சின்னத்தை மறுபடியும் செய்து நிறுத்தினார்கள், அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஸ்டோய்கா விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி.

பதில் 3:
வகுப்பில் யாராவது தூங்கினால் செல்மா செல்மன். போஸ்னியா, பிஹாச் ஊர். குடும்பத் தொழில் பழைய இரும்பு. பார்வையாளர் முன்னால் வீட்டு ஆட்களோடு சேர்ந்து ஒரு மெர்சிடிஸ் காரை உடைத்துப் பிரித்துப்போடுவார். காரின் தகடுகள் மேலேயே படமும் வரைவார். ஊர் ஏளனம் செய்த வேலையை அப்படியே கலைக்கூடத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்.

கேட்டவர்:
நன்றி. கல்லோவின் அச்சையும் மிர்கா-தாஸின் மேல் அடுக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பெயர் சொல்லாமல் முதலில் பார்க்கவிடப் போகிறேன். ஸ்டோய்காவுக்குத் தனி வகுப்பு. அப்புறம், தையல் தெரிந்தவரிடம் ஒன்று: திரையில் காட்டும்போது துணியின் இழை தெரிய, முழுப் படமா, ஒரு மூலையை மட்டும் பெரிதாக்கியதா, எது நல்லது?