கில்ரேயின் மாடுகள்: பயத்தை வளர்த்த படமா, பயத்தைக் காட்டிய படமா?

செவ்வந்தி:
தடுப்பூசியின் வரலாறு என்றாலே கூடவே வந்து நிற்கும் படம் ஒன்று உண்டு. ஜேம்ஸ் கில்ரே 1802இல் லண்டனில் வெளியிட்ட கேலிச்சித்திரம். நடுவில் எட்வர்ட் ஜென்னர், மாடுகளுக்கு வரும் மாட்டம்மையைக் குத்திப் பெரியம்மையைத் தடுக்கும் முறையைக் கொண்டுவந்த ஆங்கில மருத்துவர். ஒரு பெண்ணின் கையைக் கீறி அம்மைப்பால் (மாட்டம்மைச் சீழ்) ஏற்றுகிறார். சுற்றி இருப்பவர்களின் கையிலும் முகத்திலும் மாடுகள் முளைக்கின்றன. ஒருத்தியின் வாயிலிருந்தே ஒரு மாடு வெளியே வருகிறது.

எல்லோரும் இதை ரசித்துப் பகிர்கிறார்கள், எனக்குக் கோபம்தான் வருகிறது. 8 வயது ஜேம்ஸ் பிப்ஸுக்கு ஜென்னர் மாட்டம்மைச் சீழை வைத்துக் குத்தியது 1796 மே 14. ஆறே வருஷத்தில் இந்தப் படம் வந்துவிட்டது. பெரியம்மை கண்டவர்களில் பத்துக்கு மூன்று பேர் செத்துக்கொண்டிருந்த காலம் அது. அந்த நேரத்தில் ஊசிக்கு வந்தால் மாடு முளைக்கும் என்று வரைந்தது பெரிய தீங்கு.

மாறன்:
படத்தை முழுசாகப் பாருங்கள். பின்சுவரில் ஒரு ஓவியம் மாட்டியிருக்கிறது. விவிலியத்தில் வரும் பொற்கன்றை ஜனங்கள் விழுந்து கும்பிடும் காட்சி. ஜென்னரைத் தலையில் தூக்கிவைத்து ஆடியவர்களுக்கான குத்தல் அது. கீழே, தடுப்பூசி எதிர்ப்புச் சங்கத்தின் வெளியீடுகளைப் பார்க்கவும் என்று எழுதியிருக்கிறது. அதாவது இந்த மாட்டுக் கதை என்னுடையதல்ல, அவர்கள் பரப்புவது என்கிறார். இரண்டு பக்கத்தையும் அடித்திருக்கிறார். வதந்தியைக் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வரைந்தவரையே வதந்தியைக் கிளப்பியவர் என்று சொல்வது நியாயமில்லை.

செவ்வந்தி:
அடியில் இருக்கும் எழுத்தை எத்தனை பேர் படித்திருப்பார்கள்? கடைச் சன்னல் வழியாகப் பார்த்துவிட்டுப் போனவர் மனதில் மாடுதான் நின்றிருக்கும். சரி, கில்ரேயை விடுங்கள். அதே காலத்தில் சார்லஸ் வில்லியம்ஸ் வரைந்ததைப் பாருங்கள். மாட்டுருவில் ஒரு பூதம். அதன் வாயில் மருத்துவர்கள் கூடை கூடையாகக் குழந்தைகளைக் கொட்டுகிறார்கள். மறுபக்கம் கொம்பு முளைத்த குழந்தைகள் விழுகின்றன. இதில் எங்கே இரண்டு பக்கம் இருக்கிறது?

மாறன்:
அது பச்சையான எதிர்ப்புப் பிரச்சாரம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதையும் கில்ரேயையும் ஒரே கணக்கில் எழுதாதீர்கள்.

நல்லான்:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். மாடு எல்லா இடத்திலும் பயமுறுத்தவில்லை. 1849இல் மாட்டம்மைப் பால் நாகசாகிக்கு வந்து சேர்ந்தது. அடுத்த வருஷமே குவாத்தா ரியூசாய் என்ற ஜப்பானிய மருத்துவர் ஒரு அச்சுப்படம் வெளியிட்டார். வெள்ளை மாட்டின் மேல் ஒரு சிறுவன், கையில் ஈட்டி, எதிரே அடிபட்டு ஓடும் அம்மைப் பேய். லண்டனில் மனிதரை மிருகமாக்கிய அதே மாடு, அங்கே குழந்தையைச் சுமந்து காக்கிறது. ஜனங்கள் மனதில் ஏற்கனவே இருப்பதைத்தான் ஓவியன் எடுத்துக்கொள்கிறான். படம் புதிதாகப் பயத்தை உண்டாக்காது.

செவ்வந்தி:
நீங்கள் சொல்வது என் பக்கத்துக்குத்தான் பலம், நல்லான். படத்துக்கு வலு இல்லையென்றால் ஒரு மருத்துவர் ஏன் மெனக்கெட்டு அதை அச்சடிக்க வேண்டும்? காப்பாற்றுகிற படத்துக்கு வலு உண்டென்றால் கெடுக்கிற படத்துக்கும் உண்டு.

நல்லான்:
சரி, அந்த இடத்தில் நான் அவசரப்பட்டுவிட்டேன்.

ஆதிரை:
நீங்கள் மூவரும் பேயையும் பூதத்தையும் விட்டு வெளியே வரவில்லை. தாமஸ் ஹிக்கி 1805 வாக்கில் வரைந்த மைசூர் அரச குடும்பத்துப் பெண்கள் ஓவியத்தை யாரும் சொல்லவில்லையே. மூன்று பெண்கள். வலப்பக்கம் இருப்பவர் சேலையை ஒதுக்கி மேல்கையைக் காட்டுகிறார். வெகுகாலம் இவர்களை நாட்டியப் பெண்கள் என்றே நினைத்திருந்தார்கள். அம்மை குத்திய இடத்தைத்தான் அந்த ராணி காட்டுகிறார் என்பது வரலாற்றாசிரியர் நைஜல் சான்சலரின் வாசிப்பு. என்னை அப்படியே நம்பவைத்த வாசிப்பு இது. திட்டவில்லை, மிரட்டவில்லை. நான் குத்திக்கொண்டேன், பார் என்று ஒரு கை சொல்கிறது.

மாறன்:
அப்படி ஒரே ஒரு ஓவியத்தை எத்தனை பேர் பார்த்திருப்பார்கள், ஆதிரை? அதோடு, அம்மை குத்துவதைப் பரப்ப நினைத்த கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அது வசதியான படம். அதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

என்னைக் கேட்டால் பெரியம்மையை ஒழித்த படம் இது எதுவுமில்லை. 1798இல் ஜென்னரின் நூலில் வந்த பால்காரப் பெண் சாரா நெல்ம்ஸின் கை, கொப்புளங்களோடு, உள்ளது உள்ளபடி. அப்புறம் உலக சுகாதார நிறுவனத்தின் அடையாள அட்டை. அம்மை போட்ட ஒரு குழந்தையின் புகைப்படம், அவ்வளவுதான். ஊழியர்கள் அதை வீடு வீடாக எடுத்துப்போய், இப்படி யாரையாவது பார்த்தீர்களா என்று கேட்டார்கள். ஆள் கிடைத்ததும் சுற்றியிருந்தவர்களுக்கெல்லாம் ஊசி போட்டார்கள். இயற்கையாகத் தொற்றிய கடைசி நோயாளி 1977 அக்டோபரில் சோமாலியாவில். 1980 மே மாதம் ஒழிந்தது என்று அறிவித்தார்கள். அந்த அட்டை யாரையும் வற்புறுத்தவில்லை, கேள்வி மட்டும் கேட்டது.

ஆதிரை:
அட்டை நோயாளியைக் கண்டுபிடிக்கும். பக்கத்து வீட்டுத் தாய் தன் பிள்ளையின் கையை நீட்டச் சம்மதிக்க வேண்டுமே, அதை யார் செய்வது? 1962இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் வெல்பீ என்ற தேனீப் பொம்மையைச் சுவரொட்டியில் போட்டு, வாய்வழிப் போலியோ மருந்துக்குக் குழந்தைகளைக் கூப்பிட்டது. சிரித்த முகத்தோடு ஒரு தேனீ. கேள்வி மட்டும் போதும் என்றிருந்தால் அதற்கு வேலையே இருந்திருக்காது.

செவ்வந்தி:
அந்த அட்டையில் இருந்த குழந்தையைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். யார் வீட்டுப் பிள்ளையோ. அந்த முகம்தான் வாசல் வாசலாகப் போய் வழி கேட்டிருக்கிறது. மாறன் சொன்னதில் இதை மட்டும் ஏற்கிறேன். பொற்கன்று ஓவியத்தைப் பெரிதாக்கி இப்போதுதான் பார்த்தேன், இருக்கிறது. ஆனாலும் கில்ரே அதைப் பின்சுவரில் சின்னதாக வைத்தார், மாடுகளை முன்னால் பெரிதாக வைத்தார்.