மென்பான விளம்பரங்கள் சமூகத்தைப் பின்தொடர்கின்றனவா, முந்திச் செல்கின்றனவா?

ஹட்டன் ஆசிரியை:
உயர்தர வகுப்பிற்குத் தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் படிப்பிக்கிறேன். 1971 இல் இத்தாலியக் குன்றொன்றில் பல நாட்டு இளைஞர்களை ஒன்றாகப் பாடவைத்த கொக்கா கோலா விளம்பரத்தையும், அதே நிறுவனம் 2011 இல் அவுஸ்திரேலியாவில் போத்தல்களின் மேல் மக்களின் பெயர்களை அச்சிட்டதையும் மாணவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். இவை மாறிய சமூகத்துக்குப் பின்னால் வந்தவையா, மாற்றத்துக்குத் துணை நின்றவையா என்று மாணவி ஒருவர் கேட்டார். விடயம் அறிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பதுளை வாசகர்:
வணக்கம் டீச்சர். இந்தக் கேள்விக்கு 1971 ஐ விட 1940கள் நல்ல விடை தரும். அக்கால அமெரிக்க விளம்பரங்களில் கறுப்பின மக்கள் பெரும்பாலும் சமையற்காரராகவோ பணியாளராகவோதான் தோன்றினார்கள். கொக்கா கோலா ஆறரை அவுன்ஸை ஐந்து சதத்துக்கு விற்றபோது அதே விலைக்குப் பன்னிரண்டு அவுன்ஸ் கொடுத்த பெப்சி, வருமானம் குறைந்தவர்களிடம் புதிய சந்தை இருப்பதைக் கண்டு, 1947 இல் எட்வர்ட் பாய்ட் என்பவரின் தலைமையில் கறுப்பின விற்பனையாளர் குழுவொன்றை அமைத்தது. அவர்களது விளம்பரங்களில் நல்ல உடையணிந்த கறுப்பினக் குடும்பங்கள், யாருக்கும் பரிமாறுபவர்களாக அன்றி, தாமே வாங்கி அருந்துபவர்களாக இடம்பெற்றன. நோக்கம் வியாபாரமே, ஆனாலும் அந்தப் படங்களின் மதிப்பு அதனால் குறைந்துவிடவில்லை என்பது என் உறுதியான கருத்து. நிர்வாகம் மாறிய பின்னர் சில ஆண்டுகளிலேயே அக்குழு கலைக்கப்பட்டதையும் மாணவர்களுக்குச் சொல்லுங்கள். கொக்கா கோலாவின் விளம்பரத்தில் மேரி அலெக்சாண்டர் என்ற கறுப்பின மாணவி தோன்றியது 1955 இல்தான்.

மாறாக, 2017 இல் வீதிப் போராட்டத்தையே காட்சிப் பின்னணியாக்கி, காவலருக்கு ஒரு பெப்சியை நீட்டினால் பகை தீரும் என்பதுபோல் எடுக்கப்பட்ட விளம்பரம் கடும் எதிர்ப்பினால் உடனடியாக மீளப்பெறப்பட்டது.

தலவாக்கலையிலிருந்து ஒருவர்:
இதை வாசிக்கும்போது நம் மலையகமே நினைவுக்கு வருகிறது. தேயிலை விளம்பரங்களில் கொழுந்து பறிக்கும் நம் பெண்கள் எத்தனையோ தலைமுறைகளாக நிற்கிறார்கள்; ஆனால் குளிர்பானமோ சவர்க்காரமோ வாங்கும் குடும்பமாக நம்மவரைக் காட்டும் விளம்பரம் அரிது. தொலைக்காட்சியில் வரும் தமிழ் விளம்பரங்கள் பல சிங்களத்தில் எழுதப்பட்டவற்றின் குரல்மாற்றமாகவே ஒலிக்கின்றன.

எனினும், வாங்குபவராகக் காட்டப்படுவதை மட்டுமே பெருமையாகக் கொள்ளத் தயங்குகிறேன். இலங்கையில் 2016 முதல் மென்பானங்களில் சீனியின் அளவைக் காட்டும் நிறக் குறியீடு கட்டாயம். 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. அந்த எல்லையை எட்டும் 500 மில்லிலீற்றர் போத்தலில் 55 கிராம் சீனி இருக்கும். இந்தச் சிவப்பு வட்டத்தை எந்த விளம்பரதாரரும் தானாக முன்வந்து வைக்கவில்லை, சட்டம் வைத்தது. சமூகத்தின் எல்லா மாற்றங்களுக்கும் விளம்பரம் விரும்பி இசைவதில்லை என்பதற்கு இதுவே சான்று.

ஹட்டன் ஆசிரியை:
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. பாய்ட் குழுவின் படத்தையும் தேயிலைப் பெட்டியொன்றையும் பக்கத்தில் வைத்து, யார் உழைப்பவராகவும் யார் வாங்குபவராகவும் காட்டப்படுகிறார் என்று எழுதச் சொல்லப்போகிறேன். கடைகளில் உள்ள போத்தல்களின் நிறக் குறியீடுகளையும், அதே பானங்களின் விளம்பரங்கள் சீனியைப் பற்றி என்ன சொல்கின்றன என்பதையும் குறித்துவரச் சொல்வேன்.