எம்ஜி டிசி: சின்ன ஏரோ ஸ்கிரீன் வேகத்தில் தானாகச் சாய்கிறது, உதவுங்கள்

கோவை_டிசி:
வணக்கம். என்னுடையது 1948 எம்ஜி டிசி, மேலே திறந்த பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். பெரிய விண்ட்ஸ்கிரீனை முன்பக்கம் மடித்துப் போட்டுவிட்டு, அதற்குப் பின்னால் ப்ரூக்லேண்ட்ஸ் (இங்கிலாந்தின் பழைய பந்தயத் தளம்) பாணியில், முகத்துக்கு நேரே காற்றைத் தடுக்கும் இரண்டு சின்ன ஏரோ ஸ்கிரீன் வைக்க ஆசை. இங்கிலாந்திலிருந்து பழைய ஜோடி ஒன்று வரவழைத்திருக்கிறேன். குரோம் பூசிய சட்டம், தட்டைக் கண்ணாடி, இரண்டு கால். பக்கத்து விங் நட்டை (கையால் திருகும் காது வைத்த நட்டு) தளர்த்திச் சாய்வை மாற்றலாம்.

காரில் இன்னும் ஓட்டை போடவில்லை. ஒரு பிளைவுட் பட்டையைக் குறுக்கே கிளாம்ப் செய்து, டிரைவர் பக்க ஸ்கிரீனை மட்டும் அதில் வைத்து அவிநாசி ரோட்டில் காலையில் ஓட்டிப் பார்த்தேன். 60 வரை ஒன்றுமில்லை. 70-ஐத் தாண்டினால் ஸ்கிரீன் மெதுவாக என் பக்கம் படுக்க ஆரம்பிக்கிறது. விங் நட்டை எவ்வளவு இறுக்கினாலும் இதே கதை. காற்றும் நேராகப் புருவத்தில் அடிக்கிறது. இன்னொன்று, டேஷ்போர்டுக்கு மேலே தகடு இரண்டு மேடாக வளைந்திருக்கிறதே, அதில் கால்களை வைத்துப் பார்த்தால் ஒரு ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. சிலிகான் அடைத்து ஓட்டை போட்டுவிடலாமா?

பழையவண்டி:
ஓட்டை மட்டும் இப்போது போடாதீர்கள். அந்தத் தகட்டில் ஒருமுறை போட்டால் போட்டதுதான். டிங்கரிங் செய்து பெயின்ட் அடித்தாலும் தெரிந்தவன் கண்ணுக்குத் தெரியும். படம் போடுங்கள், குறிப்பாக அந்த விங் நட் பக்கம்.

லேத்_மாமா:
படுப்பது காற்றின் குற்றமில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஸ்கிரீன் 30 செ.மீ. அகலம், 20 செ.மீ. உயரம் என்று வைத்துக்கொண்டால், 80 கி.மீ. வேகத்தில் அதன் மேல் விழும் அழுத்தம் ஏறத்தாழ 2 கிலோதான். 110 போனால் 4 கிலோ பக்கம் வரும். ஒழுங்கான மரையும் வாஷரும் இருந்தால் இதெல்லாம் ஒரு சுமையே இல்லை.

எனக்குச் சந்தேகம் நட்டின் மேல்தான். அந்தக் காலத்து பிரிட்டிஷ் சாமான்களில் சின்ன திருகெல்லாம் பெரும்பாலும் பி.ஏ. (பிரிட்டிஷ் அசோசியேஷன்) என்ற பழைய பிரிட்டிஷ் அளவு மரை. 2 பி.ஏ. போல்ட்டின் விட்டம் 4.7 மி.மீ., மரை இடைவெளி 0.81. நம் கடையில் கிடைக்கும் மெட்ரிக் அளவு எம்5 நட்டு 5 மி.மீ., இடைவெளி 0.8. இரண்டும் அவ்வளவு கிட்டத்தில் இருப்பதால் எம்5 நட்டு 2 பி.ஏ. போல்ட்டில் சமர்த்தாக ஏறிவிடும், கையில் இறுகின மாதிரியும் இருக்கும். ஆனால் மரையின் நுனி மட்டும்தான் பிடித்திருக்கும். கொஞ்சம் பலமாக இறுக்கினால் வழுக்கும், கடைசியில் மரையே போய்விடும். வெர்னியர் காலிப்பர் வைத்து போல்ட்டை அளந்து சொல்லுங்கள்.

கோவை_டிசி:
மாமா, போல்ட் 4.68 காட்டுகிறது! நாலு விங் நட்டில் மூன்று மங்கல், ஒன்று மட்டும் பளபளவென்று புதுசு. டிரைவர் பக்கம் இருந்தது அதுதான். விற்றவர் மாற்றியிருக்கிறார் போல.

லேத்_மாமா:
அப்புறம் என்ன, ஆள் அகப்பட்டுவிட்டார். 2 பி.ஏ. விங் நட் கிடைக்காவிட்டால், பித்தளைக் கட்டையில் 2 பி.ஏ. டேப்பால் மரை வெட்டி லேத்தில் கடைந்துகொள்ளலாம். போல்ட்டில் எம்5 மரை வெட்டிவிடாதீர்கள், அது எம்5-ஐவிட மெலிந்த போல்ட்.

நட்டு மட்டும் போதாது. காலும் சட்டமும் உரசும் முகத்தில் பாலிஷ், மெழுகு, எண்ணெய் எதுவும் இருக்கக் கூடாது. பெட்ரோல் தொட்ட துணியால் துடையுங்கள். நடுவில் ஒரு ஃபைபர் வாஷர், நட்டுக்குக் கீழே ஸ்பிரிங் வாஷர். குரோமும் குரோமும் நேராக உரசினால் என்றைக்கும் வழுக்கத்தான் செய்யும்.

ஹாரோ_தமிழன்:
லண்டன் பக்கமிருந்து எழுதுகிறேன், நானும் டிசிதான். புருவத்தில் அடிக்கும் காற்றுக்கு என் அனுபவம்: ஸ்கிரீனின் உயரத்தைவிட அது முகத்திலிருந்து எவ்வளவு தூரம் என்பதுதான் விஷயம். தூரம் கூடக் கூட, மேல் விளிம்பைத் தாண்டின காற்று முகத்துக்கு வருவதற்குள் இறங்கிவிடும். அட்டையில் அதே அளவு வெட்டி, மேட்டின் மேல் டேப் ஒட்டி, வழக்கமாக ஓட்டும் மெத்தையிலேயே உட்கார்ந்து முன்பின் நகர்த்திப் பாருங்கள். விளிம்பு சாலையை மறைக்கக் கூடாது, பார்வை அதற்குச் சற்று மேலே போக வேண்டும். ரொம்பப் பின்னால் கொண்டுவந்தால் ஸ்டீயரிங் திருப்பும்போது விரல் முட்டி ஸ்கிரீனின் காலில் இடிக்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். என்ன செய்தாலும் கண்ணுக்கு மூக்குக்கண்ணாடி போடாமல் ஓட்ட முடியாது. பூச்சி ஒன்று கண்ணில் அடித்தால் புரியும்.

கால் தூக்கி நிற்பதற்குச் சிலிகான் வேண்டாம். மேட்டின் மேல் கார்பன் பேப்பரை வைத்து, ஸ்கிரீனின் காலால் அழுத்தி எடுத்தால் எங்கே தொடுகிறது என்று தெரியும். கெட்டி ரப்பர் ஷீட்டை அந்த அளவுக்குச் சாய்வாகத் தேய்த்து அடியில் கொடுங்கள். தகட்டுக்கு உள்பக்கம் 2 மி.மீ. அலுமினியத் துண்டு ஒன்றைப் பின்தாங்கலாக வைத்தே போல்ட் போட வேண்டும். வெறும் வாஷர் போட்டால் குலுக்கலில் ஓட்டையைச் சுற்றித் தகடு வெடிக்கும்.

பழையவண்டி:
துளை போடும்போது அடியில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். டிசியில் டிரைவருக்கு நேரே இருப்பது ஆர்பிஎம் மீட்டர், ஸ்பீடோமீட்டர் பக்கத்து சீட்டுக்காரருக்கு. இரண்டின் கேபிளும் ஒயரும் அங்கேதான் ஓடுகின்றன. டிரில் முனையில் மரக்கட்டை ஒன்றைக் கோத்து ஆழத்தைக் கட்டுப்படுத்துங்கள்.

கோவை_டிசி:
நன்றி எல்லாருக்கும். பெரிய விண்ட்ஸ்கிரீனைக் கழற்றியே வைத்துவிட்டால் இன்னும் அழகாக இருக்குமே?

பழையவண்டி:
அழகுதான். ஆனால் டிசியின் வைப்பர் மோட்டார் அந்தச் சட்டத்தில்தானே இருக்கிறது, அதைக் கழற்றினால் வைப்பரும் போச்சு. 2021-இல் வந்த விண்டேஜ் வண்டி விதியில் 50 வயதைத் தாண்டின வண்டி, மூல நிலையில் இருக்க வேண்டும் என்கிறார்கள். விஏ நம்பர் (விண்டேஜ் வண்டிக்கான தனிப் பதிவு எண்) வாங்கும் எண்ணம் இருந்தால் பெரியது வண்டியிலேயே மடித்து இருக்கட்டும்.

ஹாரோ_தமிழன்:
இங்கே விதி கொஞ்சம் தாராளம். விண்ட்ஸ்கிரீன் வழியாகப் பார்க்காமலே டிரைவருக்கு முன்பக்கம் நன்றாகத் தெரியும் என்றால் வைப்பர் கட்டாயமில்லை. கோவையில் இந்த வாதம் செல்லுமா என்று நான் சொல்ல மாட்டேன்!

சரி, கண்ணாடியின் மூலையில் ஏதாவது முத்திரை இருக்கிறதா? பி.எஸ். 857 (பாதுகாப்புக் கண்ணாடிக்கான பிரிட்டிஷ் தர எண்) மாதிரி?

கோவை_டிசி:
ஒன்றுமே இல்லை. சுத்தமான வெறும் கண்ணாடி.

ஹாரோ_தமிழன்:
அப்படியானால் ஜன்னல் கண்ணாடியாகவே இருக்கலாம். முகத்துக்கு ஒரு கை தூரத்தில் அதை வைத்து ஓட்டாதீர்கள். பழைய கண்ணாடியின் கனத்தையும் சட்டத்தின் பள்ளத்தையும் அளந்துகொண்டு, அதே அளவில் லேமினேட்டட் கண்ணாடி (நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது) வெட்டித் தரச் சொல்லுங்கள். டெம்பர்ட் (சூடேற்றிக் கடினமாக்கியது) வேண்டுமென்றால் முதலில் வடிவம் வெட்டி, விளிம்பு தேய்த்து, அதற்குப் பிறகே சூட்டுக்கு அனுப்ப வேண்டும். சூடேற்றியபின் வெட்டினால் தூள் தூளாகிவிடும். அக்ரிலிக் பிளாஸ்டிக் போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் பெட்ரோல் துணியை அதன் பக்கம் கொண்டுபோகாதீர்கள், நூல் நூலாக விரிசல் விடும். மாமா சொன்ன துடைப்பு வேலையைக் கண்ணாடி மாட்டுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.