குடும்பக் குழுவில் வந்த ஒரு ஃபார்வர்டு

மாலதி அத்தை: ஞாயிறு பிரியா வளைகாப்பு. வேன் காலைல 8:30க்கு மடிப்பாக்கத்துல கிளம்பும், 17 சீட்டுதான். யார் வேன்ல, யார் சொந்த வண்டினு இன்னைக்கே சொல்லிடுங்க.

வசந்தி சித்தி: நாங்க 4 பேர் வேன்

ரவி சித்தப்பா: (ஃபார்வர்டு) ஈழத்தில் தமிழர்களைக் கொன்ற தளபதி ஐரோப்பிய விமான நிலையத்தில் அதிரடி கைது!!! அடுத்த வாரம் ஹேக் நீதிமன்றத்தில் தூக்கு!!! தமிழனா இருந்தா 10 பேருக்குப் பகிரவும்

செந்தில்: நிஜமாவா சித்தப்பா? எந்த நாடு?

ரவி சித்தப்பா: நம்பிக்கையான குரூப்ல வந்தது

பாலு பெரியப்பா: எந்த நாடுன்னு இல்ல, தேதி இல்ல, வாரண்ட் யார் போட்டதுன்னு இல்ல. ஹேக்ல இருக்கிற சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்துல தூக்கே கிடையாது. அதிகபட்சம் 30 வருஷம், ரொம்பக் கொடூரமான குற்றம்னா ஆயுள். அதுக்கும் மேல, இலங்கை அந்தக் கோர்ட்டை உருவாக்கின ரோம் சாசனத்துல சேரவே இல்ல, நாமளும் சேரல. 2002 ஜூலை 1க்குப் பிறகு நடந்ததை அங்க எடுக்கலாம், 2009 அதுக்குள்ளதான் வருது. ஆனா சேராத நாட்டு மண்ணுல அந்த நாட்டு ஆளே செஞ்சதை எடுக்கணும்னா ஐ.நா. பாதுகாப்பு கவுன்சில் வழக்கை அனுப்பி வைக்கணும், இல்ல இலங்கையே சம்மதிக்கணும். ரெண்டும் நடக்கல.

சுகந்தி அண்ணி: நான் அதை நம்பி அம்மாவுக்குக் கோல் எடுத்துச் சொல்லிப்போட்டன் மாமா

வசந்தி சித்தி: என்னங்க, முதல்ல அதை டெலீட் பண்ணுங்க

மாலதி அத்தை: அண்ணா நீங்க வேனா காரா?

செந்தில்: அப்போ வழியே இல்லையா பெரியப்பா

கயல்: இருக்குண்ணா. சில நாடுங்க தங்கள் சட்டத்துலயே வெளிநாட்டுல நடந்த போர்க் குற்றத்தை விசாரிக்கும். ஜெர்மனி கோப்லென்ஸ் கோர்ட்டுல 2022 ஜனவரில அன்வர் ரஸ்லான்ங்கிற சிரியா உளவுத்துறை அதிகாரிக்கு ஆயுள். குற்றம் டமாஸ்கஸ்ல, விசாரணை ஜெர்மனில.

கயல்: ஆனா பெரும்பாலும் ஆள் அந்த நாட்டுல இருக்கணும். பதவில இருக்கிற அமைச்சர், தூதர்னா விலக்கு கேப்பாங்க. 2017ல பிரேசில்ல இலங்கைத் தூதரா இருந்த முன்னாள் தளபதி மேல புகார் கொடுத்தாங்க. புகார் போறப்போ அவர் அங்க இல்ல.

ரவி சித்தப்பா: இதுக்குத்தான் சொல்றேன். இஸ்ரேல்காரன் ஹிட்லரோட நாஜி அதிகாரி ஐக்மனைக் கடத்தித் தூக்கின மாதிரி தூக்கணும். சட்டம் பேசிட்டிருந்தா ஆயுசு முடிஞ்சுடும்

பாலு பெரியப்பா: ரவி, அதை முழுசாத் தெரிஞ்சுக்கோ. 1960 மே 11, பியூனஸ் அயர்ஸ்ல வேலை முடிஞ்சு பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு நடந்து போனவரைப் பிடிச்சாங்க. 9 நாள் ஒரு வீட்டுல அடைச்சு வச்சு, விசாரணைக்குச் சம்மதம்னு கையெழுத்து வாங்கி, விமான ஊழியர் உடுப்பு மாட்டி ஏத்திட்டாங்க. அர்ஜென்டினா பாதுகாப்பு கவுன்சிலுக்குப் போச்சு, தகுந்த பரிகாரம் செய்னு 138ஆம் தீர்மானம் வந்தது. ஆகஸ்டுல ரெண்டு அரசும் சமரசம் ஆயிட்டாங்க. இஸ்ரேல் கோர்ட்டு, ஆள் எப்படி வந்தான்கிறது எங்க வேலை இல்லைனு சொல்லிடுச்சு. ஐக்மனுக்காக ஜெர்மன் வக்கீல் செர்வேஷியஸ் ஆஜராக சட்டத்தையே திருத்தினாங்க, ஃபீஸும் இஸ்ரேல்தான் கொடுத்தது. அதெல்லாம் சரி. ஆனா ஐக்மன் தரப்புக்குச் சாட்சி சொல்லக்கூடிய பழைய நாஜிங்க ஜெருசலேம் வந்தா அவங்களும் கைதாவாங்க. அதனால வெளிநாட்டுல வாக்குமூலம் எடுத்து அனுப்பினாங்க. நீதிபதி அந்தச் சாட்சிங்க முகத்தைக் கூடப் பாக்கல. எனக்கு அது இன்னிக்கும் உறுத்துது.

கயல்: எல்லா கோர்ட்டும் அப்படி விடாது சித்தப்பா. ஸ்வாசிலாந்துல இருந்து கடத்திட்டு வந்த இப்ராஹிம்ங்கிற நிறவெறி எதிர்ப்புப் போராளிக்குக் கொடுத்த 20 வருஷத் தண்டனையை 1991ல தென்னாப்பிரிக்க கோர்ட்டு ரத்து பண்ணுச்சு. அரசே ஆள் கடத்தினா வழக்கு நிக்காதுன்னாங்க. அமெரிக்கா நேர்மாறு. மெக்சிகோ டாக்டர் ஒருத்தரைக் கடத்திட்டு வந்திருந்தாலும் அவரை விசாரிக்கத் தடை இல்லைனு 1992ல சுப்ரீம் கோர்ட்டு சொல்லுச்சு. அதே வருஷம் சாட்சி பத்தலைனு விசாரணை நீதிபதி அவரை விட்டுட்டார்.

ரவி சித்தப்பா: ஒழுங்கா கேட்டா எந்த நாடும் பிடிச்சுத் தராதும்மா

பாலு பெரியப்பா: தரும், நேரம் எடுக்கும். யூகோஸ்லாவியா போர்க் குற்றங்களுக்காக ஐ.நா. அமைச்ச நீதிமன்றம் குற்றம் சாட்டினது 161 பேர். கடைசித் தலைமறைவு ஹாட்ஜிச் 2011 ஜூலைல கிடைச்சார். ஒருத்தர்கூட பாக்கி இல்ல. ஐரோப்பிய யூனியன்ல சேரணும்னா பிடிச்சுக் கொடுனு செர்பியாவை நெருக்கினதுல நடந்தது.

ரவி சித்தப்பா: 2011! நம்ம திருவள்ளூர் மனைப் பத்திரம்கூட அதே வருஷத்துல இருந்து உங்க பீரோவுலதான்ணா இருக்கு

மாலதி அத்தை: ரவி இங்க வேண்டாம்

பாலு பெரியப்பா: அதை நேர்ல பேசிக்கலாம்.

பாலு பெரியப்பா: அவசரப்பட்டா என்ன ஆகும்னா, டெம்யான்யுக் வழக்கு. அமெரிக்காவுல இருந்து நாடு கடத்தி, நாஜி கொலைமுகாம்ல தப்பினவங்க போட்டோ பார்த்து 'இவன்தான் அங்க காவலாளியா இருந்த பயங்கர இவான்'னு அடையாளம் காட்ட, 1988ல தூக்குத் தண்டனை. அப்புறம் சோவியத் ஆவணம் வந்தது, அந்த இவான் வேற ஆள்னு சந்தேகம். 1993ல இஸ்ரேல் சுப்ரீம் கோர்ட்டே விடுதலை பண்ணுச்சு. சாட்சிங்க பொய் சொன்னாங்கனு இல்ல, போட்டோவைக் காட்டின முறையில கோளாறுனு விமர்சனம் வந்தது.

சுகந்தி அண்ணி: எங்கட நாட்டில முறையாத்தானே செய்தவை. யாழ்ப்பாணத்து மிருசுவிலில 2000ஆம் ஆண்டு ஆமி 8 பேரைக் கொலை செய்தது. 2015ல ஒரு ஆமிக்காரருக்கு மரண தண்டனை. 2020 மார்ச்சில ஜனாதிபதி மன்னிப்புக் குடுத்து விட்டிட்டார். பிறகு எந்தக் கோர்ட்டை நம்புறது

செந்தில்: 😔

பாலு பெரியப்பா: அதனாலதான்மா வெளிநாட்டு வழி அப்பழுக்கில்லாம இருக்கணும்னு பிடிவாதம் பிடிக்கிறேன். ஒரு ஓட்டை போதும், 'பழி வாங்கினாங்க'னு அவன் தப்பிச்சுடுவான். ஐ.நா. 2015 அறிக்கை புலிகள் செஞ்சதையும் எழுதியிருக்கு, சிறுவர்களைச் சேர்த்தது உட்பட. அதையும் விசாரிச்சாத்தான்

வசந்தி சித்தி: மாமா இப்ப அது வேணுமா

பாலு பெரியப்பா: வேணும் வசந்தி.

மாலதி அத்தை: வளையல் கண்ணாடியா, ரப்பரும் சேர்த்தா? கடைக்காரர் கேக்குறார்

வசந்தி சித்தி: கண்ணாடிதான்

சுகந்தி அண்ணி: நான் கோபிக்கேல்லை மாமா. ஒண்டு கேக்கிறன், அந்த நேரத்து வீடியோ ஒராளிட்ட இருந்தா என்ன செய்யோணும்

கயல்: வாட்ஸ்அப்ல அனுப்ப வேண்டாம்னு சொல்லுங்க அண்ணி. சாதாரணமா அனுப்பினா ஃபைல் சுருங்கும், எடுத்த நேரம், இடம் எல்லாம் போயிடும். அசல் மெமரி கார்டை அப்படியே உறையில போட்டு, யார் எடுத்தது, யார் கைக்கு எந்தத் தேதி வந்ததுனு எழுதி வைக்கணும். வெட்டக் கூடாது, எழுத்து போடக் கூடாது, பாட்டு சேர்க்கக் கூடாது. பாக்கணும்னா நகல்ல பாக்கட்டும். ஐ.நா. மனித உரிமை கவுன்சிலோட 2021 தீர்மானத்துக்கு அப்புறம் ஜெனீவாவுல ஐ.நா. மனித உரிமை அலுவலகம் இலங்கை பத்தின ஆதாரம் சேகரிக்குது.

சுகந்தி அண்ணி: சாட்சி சொன்னா பேர் வெளிய வருமே? அவையின்ர ஆக்கள் இன்னும் அங்கதான் இருக்கினம்

பாலு பெரியப்பா: வெளி உலகத்துக்கு மறைக்கலாம். புனைபெயர், குரல் மாத்தறது, திரைக்குப் பின்னால சொல்றது எல்லாம் உண்டு. ஆனா எதிர்த்தரப்பு வக்கீலுக்கு ஒரு கட்டத்துல பேர் தெரிஞ்சே ஆகணும். யார் சொல்றாங்கனு தெரியாம குறுக்கு விசாரணை பண்ண முடியாது. அந்த ஆபத்தை மறைக்காம அவங்ககிட்ட சொல்லிட்டு, அப்புறம் முடிவை அவங்களே எடுக்கட்டும்.

சுகந்தி அண்ணி: சரி மாமா. அவையிட்டக் கேட்டுப்போட்டுச் சொல்லுறன். அம்மாவுக்கும் திருப்பி எடுக்கோணும்

ரவி சித்தப்பா: டெலீட் பண்ணிட்டேன்மா சுகந்தி. மத்த 2 குரூப்லயும் எடுத்துடறேன்

மாலதி அத்தை: 11 பேர் ஆச்சு. செந்தில், நீங்க ரெண்டு பேரும் வேன்தானே?

செந்தில்: நாளைக்குச் சொல்றேன் அத்தை