புதுப்பிப்பு: கார்ப்பல் டனல், பிசியோதெரபிக்குப் பிறகு

கார்ப்பல் டனலால், அதாவது மணிக்கட்டில் நரம்பு நசுங்கும் பிரச்சினையால், இரவில் வலது கை மரத்துப்போய் விழித்துக்கொள்கிறேன், அறுவை சிகிச்சை இல்லாமல் பிசியோதெரபியால் சரியாகுமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. இப்போது பெரும்பாலான இரவுகளில் நிம்மதியாகத் தூங்குகிறேன்.

அதிகம் உதவியது, மணிக்கட்டு மடங்காமல் இருக்க இரவில் கட்டும் ஸ்பிளிண்ட் என்ற பட்டைதான். மணிக்கட்டின் குறுகிய சுரங்கத்துக்குள் 9 தசைநாண்களோடு, கட்டைவிரல் பக்கத்து விரல்களுக்கு உணர்வு தரும் மீடியன் நரம்பும் போகிறது. மணிக்கட்டு மேலோ கீழோ மடங்கினால் உள்ளே அழுத்தம் கூடும். தூக்கத்தில் நமக்குத் தெரியாமலே மடக்கிவிடுகிறோம். கடையில் வாங்கியது கையைச் சற்று மேல்நோக்கி வளைத்தே வைத்திருந்தது. தெரபிஸ்ட் உள்ளிருந்த தகட்டை நேராக்கித் தந்தார். அந்தச் சின்ன மாற்றம் எவ்வளவு பெரிய உதவி! உங்களுடையதையும் பாருங்கள்.

நரம்பை மெல்ல நகர்த்தும் பயிற்சிகளும் செய்கிறேன். விரல் கூசத் தொடங்கினால் அங்கேயே நிறுத்த வேண்டும், இழுத்துப் பிடிக்கக் கூடாது. பந்தை அழுத்தும் பயிற்சி வேண்டாம் என்றார். இறுகப் பிடித்தாலும் அழுத்தம் கூடுமாம்.

போனை நெடுநேரம் பிடித்தால் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இன்னும் கூசுகின்றன.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். நரம்புப் பரிசோதனையில் எனக்கு ஆரம்ப நிலை என்றுதான் வந்தது. மரத்துப்போதல் நாள் முழுக்க விலகாமல் இருந்தாலோ, கட்டைவிரலின் அடிச்சதை மெலிந்தாலோ, பயிற்சியை நம்பிக் காத்திருக்காமல் உடனே மருத்துவரைப் பாருங்கள். நரம்பு நெடுங்காலம் நசுங்கினால் இழந்த பலம் முழுதாகத் திரும்பாமல் போகலாம்.