மச்சினனுக்கு பிஸ்டல் கொடுக்கலாமா? டெக்சாஸ் டு ஜார்ஜியா

டல்லாஸ் மாமா:
வணக்கம் மக்களே. பிளேனோவில் இருக்கேன், சிட்டிசன் ஆகி ஆறு வருஷம். என்கிட்ட ரெண்டு பிஸ்டல் இருக்கு. அதுல க்ளாக் 19 வாங்கினதோட சரி, இருநூறு ரவுண்டு கூட சுட்டிருக்க மாட்டேன். அட்லாண்டா பக்கம் இருக்கிற என் மச்சினன் வீட்டுல போன மாசம் திருட்டு. அவன் சம்சாரம் ராத்திரி தூங்கவே மாட்டேங்குது. தேங்ஸ்கிவிங்குக்கு கார்லதான் போறோம். அப்படியே டிக்கியில வச்சுக் கொண்டுபோய்க் கொடுத்துடலாம்னு இருக்கேன். காசு வாங்கப் போறதில்ல. இதுக்கு ஏதும் பேப்பர் வேணுமா?

கொங்கு குசும்பன்:
ஏனுங்க, இதுக்கெல்லாம் ஒரு திரியா? உங்க பொருளு, உங்க மச்சினன். டெக்சாஸ்ல தனி ஆளு தனி ஆளுக்கு விக்கறதுக்கே காயிதம் வேண்டாமுங்க. கைல குடுத்துப்போட்டு பிரியாணி சாப்புட்டு வாங்க.

நெல்லை அக்கா:
தம்பி, குசும்பன் பேச்சைக் கேட்டு வண்டியக் கிளப்பிடாதீங்க. ரெண்டு பேரும் டெக்சாஸ்லயே இருந்தா அவர் சொன்னது சரி. வாங்குறவர் வேற ஸ்டேட்னா 1968 ஃபெடரல் துப்பாக்கிச் சட்டம் குறுக்க வந்து நிக்கும். டீலர் லைசன்ஸ் இல்லாத ஒருத்தர், வேற மாநிலத்துல குடியிருக்கிற, அதே மாதிரி லைசன்ஸ் இல்லாத இன்னொருத்தருக்கு விக்கவும் கூடாது, சும்மா கொடுக்கவும் கூடாது. அப்பா மகன்னாலும் விலக்கு இல்ல. அஞ்சு வருஷம் வரைக்கும் ஜெயில்.

வழி ஒண்ணுதான். கைத்துப்பாக்கின்னா வாங்குறவர் மாநிலத்து டீலர்கிட்ட ஒப்படைக்கணும். மச்சினன் அங்க போய் துப்பாக்கி வாங்குறவங்க நிரப்புற 4473 படிவத்த நிரப்பி, பின்னணிச் சோதனை முடிச்சு வாங்கிக்கணும். (ரைஃபிள், ஷாட்கன்னா ரெண்டு மாநிலச் சட்டத்துக்கும் ஒத்துவந்தா உங்க ஊர் டீலரே போதும்.) எங்க வீட்டுக்காரர் சனிக்கிழமைதோறும் ஒரு துப்பாக்கிக் கடை கவுன்ட்டர்ல நிக்கிறவர். பாதி நேரம் அவருக்கு ஒரே வேலை, கவுண்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) எதுன்னு கேக்குற கட்டத்துல கன்ட்ரின்னு நினைச்சு 'யுஎஸ்ஏ'ன்னு எழுதுறவங்களத் திருத்துறது.

கொங்கு குசும்பன்:
சரிங்க்கா, அவரு செத்துப்போயி உயில்ல எழுதி வச்சாருன்னா?

நெல்லை அக்கா:
அதுக்கு விலக்கு உண்டு. உயில் வழியாவோ வாரிசாவோ வந்தா மாநில எல்லை தடை இல்ல. வாங்குறவர் துப்பாக்கி வச்சுக்கத் தகுதி உள்ளவரா மட்டும் இருக்கணும்.

கொங்கு குசும்பன்:
அப்போ செத்தா சரி, உசுரோட நின்னு கைல குடுத்தா குத்தம். இந்தச் சட்டத்த எழுதுன மவராசன் ஆருங்க? திருடன் எந்தக் கடையில நின்னு படிவம் நிரப்பறான்? மாட்டறது பூராம் நம்மள மாதிரி ஒழுங்கா இருக்கறவந்தான்.

விர்ஜினியா வாசி:
ஒழுங்கா இருந்தவரே மாட்டின கதை எங்க ஊர்ல நடந்தது. ஆப்ரம்ஸ்கின்னு முன்னாள் போலீஸ்காரர். 2009இல் பென்சில்வேனியாவுல இருந்த உறவுக்காரருக்காக க்ளாக் 19 வாங்கினார், போலீஸ் தள்ளுபடி கிடைக்குமேன்னு. (மாமாவா சித்தப்பாவா தெரியல, தீர்ப்புல 'அங்கிள்'னுதான் இருக்கு.) அங்கிள் முன்னாடியே 400 டாலருக்கு செக் அனுப்பிட்டார். பிறகு பென்சில்வேனியா டீலர் வழியாத்தான் கைமாத்தினாங்க, அங்கிளும் சோதனையில தேறினார். ஆனா கடையில வாங்கும்போது 'நான்தான் உண்மையான வாங்குபவர்'னு டிக் அடிச்சது பொய்னு வழக்கு. உச்ச நீதிமன்றம் 2014இல் 5க்கு 4ன்னு தண்டனைய உறுதி செஞ்சுட்டது.

கொங்கு குசும்பன்:
அது காசு வாங்கிட்டுப் பொய் சொன்ன கேசுங்க. மாமா பரிசாத்தான குடுக்கறாரு? ரெண்டையும் ஒரே தராசுல வைக்காதீங்.

நெல்லை அக்கா:
இதுல குசும்பன் சொல்றது நியாயம். சொந்தக் காசுல பரிசுக்குன்னு வாங்கினா, வாங்கினவர்தான் உண்மையான வாங்குபவர், படிவமே அப்படித்தான் சொல்லுது. ஆனா அந்த ஆள் டீலர் வழியாவது போனார். இவர் டிக்கியில இருந்து நேரா எடுத்து நீட்டப் போறார்.

இன்னொண்ணு. ஆள் நல்லவர்னு சொந்தக்காரங்களுக்குத் தெரியும், சரி. வீட்டுச் சண்டையில கோர்ட் போட்ட தடை உத்தரவ சொந்தத்துல யார் சொல்லுவாங்க? எங்க வீட்டுக்காரர் கடையில ஒரு நாள் மகனுக்கு அனுப்பின துப்பாக்கிய வாங்க அப்பாவும் மகனும் ஒண்ணா வந்தாங்களாம். சோதனையில மகனுக்கு 'டினைட்'னு, அதாவது கொடுக்கக் கூடாதுன்னு வந்தது. அப்பா அவன் முகத்தப் பாத்தார், அவன் தரையப் பாத்தான். பேசாம கிளம்பிப் போயிட்டாங்க.

விர்ஜினியா வாசி:
மாமா, முதல்ல கேட்டிருக்கணும். மச்சினன் என்ன விசா?

டல்லாஸ் மாமா:
எச்1பி, வேலை விசா. கிரீன் கார்டுக்கு கம்பெனி போட்ட ஐ-140 மனு அப்ரூவ் ஆகி வரிசையில நிக்கிறான்.

விர்ஜினியா வாசி:
போச்சு. எச்1பி மாதிரி 'நான்-இமிக்ரன்ட்' (தற்காலிக) விசாவுல இருக்கிறவங்க பொதுவா துப்பாக்கியோ தோட்டாவோ வச்சுக்கவே கூடாது. தெரிஞ்சே கொடுக்கிற உங்களுக்கும் குற்றம். கிரீன் கார்டு கையில வந்திருந்தா கதை வேற.

கொங்கு குசும்பன்:
அதுக்கு வழி இருக்குதுங்க. ஏதாச்சும் ஒரு ஸ்டேட்டோட வேட்டை லைசன்ஸ் இருந்தா விசாக்காரரும் வாங்கலாம். இது சட்டத்துலயே இருக்குது, என்ற கற்பனை இல்ல.

நெல்லை அக்கா:
உண்மைதான், இருக்கு. ஆனா அந்த லைசன்ஸ் காலாவதி ஆன மறுநாளே வீட்டுல துப்பாக்கி இருக்கிறது குற்றம். அதுக்கு மேல, தூக்கம் வராம இருக்கிறது யாரு? அந்தப் பொண்ணு. அவளுக்கு எச்4ஆத்தான் (எச்1பி காரரோட குடும்பத்துக்குக் கொடுக்கிற விசா) இருக்கும். புருஷன் ஆபீஸ் போன நேரத்துல அவ எடுத்தா அவளுக்கும் தனி லைசன்ஸ் வேணும். துப்பாக்கிக் குற்றத்துல தண்டனை ஆனா நாடு கடத்தவே இடமிருக்கு. பத்து வருஷமா வரிசையில நிக்கிறவங்க ஒரு க்ளாக்குக்காக அதப் பணயம் வைக்கணுமா?

கொங்கு குசும்பன்:
வரிசையில நிக்கறவன் வீட்டுக்கு திருடன் வரமாட்டானுங்களா? வரி மட்டும் வாங்கத் தெரியுது.

டல்லாஸ் மாமா:
மச்சினனுக்கு போன் போட்டேன். வேட்டை லைசன்ஸ் எடுக்கிறியான்னு கேட்டா, "அத்தான், நாங்க முட்டை கூடத் தொட மாட்டோம்"ங்கிறான். குசும்பன், பிரியாணியும் கிடையாதுன்னு இப்பத்தான் ஞாபகம் வந்தது. க்ளாக் இங்கயே பெட்டியில கிடக்கட்டும். வாசலுக்கு ரெண்டு கேமரா, ஒரு நல்ல பூட்டு வாங்கிட்டுப் போறேன்.

கொங்கு குசும்பன்:
கேமரா திருடன நல்லாப் படம் புடிக்குமுங்க. அதுக்கு மேல அது என்ன பண்ணும்னு அக்காவையே கேளுங்க.