நொய்யல்: பட்டறையில் சம்பளம், ஆயக்கட்டில் உப்பு

பழைய சாயக்காரன்:

திருப்பூரில் 14 வருடம் சாயப்பட்டறையில் வேலை பார்த்தவன் நான். சாயக்கழிவு நொய்யல் ஆற்றைக் கெடுக்கிறது என்று விவசாயிகள் போட்ட வழக்கில், 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னது. 700க்கும் அதிகமான சாய, சலவைப் பட்டறைகள். அந்த வாரம் நாங்கள் திட்டாத ஆள் இல்லை, விவசாயிகளைத்தான் அதிகம் திட்டினோம். எனக்கு மட்டும் வாய் பாதியில் நின்றுவிடும். வழக்கு நடத்தியவர்கள் பக்கம் என் தாய்மாமா இருந்தார். திருப்பூருக்குக் கீழே நொய்யலில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையின் ஆயக்கட்டில், அதாவது அணைத் தண்ணீர் பாயும் பகுதியில், அவருக்கு நிலம்.

அதற்குச் சில வருடம் முன்பு ஒரு விசேஷத்துக்கு அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அத்தை கிணற்றுத் தண்ணீரைச் சொம்பில் மொண்டு வந்து வைத்தார். குடிக்க அல்ல, பார்க்க. நிறமே இல்லை, கண்ணாடி மாதிரி இருந்தது. அதுதான் வயிற்றைக் கலக்கியது. பருத்தித் துணியில் அடர்ந்த நிறம் ஏற லிட்டருக்கு 60, 80 கிராம் உப்புப் போடுவோம். சாயமாவது பெரும்பங்கு துணியில் தங்கும். உப்பு அப்படியே கழிவோடு போய்விடும். நிறத்தைப் பிரிக்கச் சுண்ணாம்பும் பெரஸ் சல்பேட்டும் போதும், கரைந்த உப்பு அதற்கெல்லாம் மசியாது. சொம்பின் வாயோரம் வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினேன், உதிர்ந்தது.

"ஒரு நாளைக்கு எத்தனை மூட்டை உப்புப் போடுகிறீர்கள் மாப்பிள்ளை?" என்று மாமா கேட்டார். கோபமாக இல்லை, தவிட்டு விலை விசாரிக்கிற மாதிரிதான். பாதியாகக் குறைத்துச் சொன்னேன்.

பட்டறை மூடிய இரண்டாம் மாதம் வீட்டு வாடகைக்கு அவரிடம்தான் கடன் வாங்கினேன்.

ஆயக்கட்டு வீட்டுப் பெண்:

அண்ணா, எங்கள் ஊரும் அந்தப் பக்கம்தான். 1992இல் அணை தயாரானபோது மஞ்சளும் கரும்பும் வைக்கலாம் என்று எங்கள் அப்புச்சி கணக்குப் போட்டு வைத்திருந்தாராம். ஐந்தாறு வருடத்தில் அது சாயக்கழிவுத் தொட்டியாகிவிட்டது. அணையில் தண்ணீர் தேக்காதீர்கள் என்று ஆயக்கட்டுக்காரர்களே மனு கொடுத்து அலைந்த கூத்து வேறு எங்காவது நடந்திருக்குமா, தெரியவில்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். தென்னையில் காய்ப்பு விழுந்து, மாடுகளையும் விற்ற பிறகு என் அண்ணன் எங்கே போனான்? திருப்பூருக்கு, சாயப்பட்டறைக்கு. வழக்குச் செலவுக்கென்று அப்பா சங்கத்தில் கட்டிய பணத்தில் அவன் சம்பளமும் இருந்தது. வீட்டில் இந்தப் பேச்சை யாரும் எடுக்க மாட்டோம். விவசாயிகள் ஒரு பக்கம், தொழிலாளர்கள் ஒரு பக்கம் என்று செய்தியில் படிக்கும்போதெல்லாம், ஒரே திண்ணையில் முகம் பார்க்காமல் சாப்பிட்ட அந்த இரண்டு பேர்தான் கண்ணுக்குள் வருகிறார்கள்.

அண்ணனுக்கும் 2011இல் வேலை போனது. அப்பா ஜெயித்த வழக்கில்.

பிளான்ட் ஆபரேட்டர்:

மூடலுக்குப் பிறகு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் சேர்ந்தவன். ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகக் கூடாது என்பது விதி. ஆர்.ஓ.வில், அதாவது உப்பை வடிகட்டும் சவ்வில், நல்ல தண்ணீரைப் பிரித்துப் பட்டறைக்கே அனுப்புகிறோம். உப்புநீரிலும் முடிந்ததைச் சாயம் போடத் திருப்பிவிட்டு, மிச்சத்தைக் கொதிக்க வைத்து வற்றவிடுகிறோம். செலவு கொஞ்சமல்ல. மழை நாளில் ஆற்றில் நுரை ஓடினால் ஊர்க்காரர்கள் முதலில் எங்கள் வாசலுக்குத்தான் வருவார்கள். அனுமதியில்லாமல் மறைவில் ஓட்டுகிறவன் பங்குக்கும் சேர்த்து நாங்கள் பதில் சொல்ல வேண்டும். ஊர்க்காரர்களைக் குறை சொல்ல மாட்டேன், அவர்கள் பார்த்தது அப்படி.

சாயக்காரரே, உங்கள் மாமா கேட்ட கேள்விக்கு இப்போது எண்ணியே பதில் சொல்லலாம். கடைசியில் மிஞ்சுவது கலப்பு உப்பு. வாங்க ஆளில்லை. மூட்டை கட்டி ஷெட்டில் கூரை வரை அடுக்கி வைத்திருக்கிறோம். வானம் இருட்டினால் தார்ப்பாயை எடுத்துக்கொண்டு ஓடுகிறோம்.